சூடு காட்டினால் விடும் பசை

1872 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் தென்கரையையும் வடகரையையும் இணைக்கும் தந்தித் தடம் கட்டி முடிந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். வழியெங்கும் பெரும்பாலும் வறண்ட நிலம். கம்பங்களின் தலையில் கம்பியைத் தாங்கப் பீங்கான் குமிழ்கள் இருந்தன. அந்தக் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்த நிலத்தின் பூர்வகுடிகள் அவற்றைக் கழற்றி, உடைத்து, ஓரம் செதுக்கி, வேட்டை ஈட்டிகளுக்கு முனையாக்கிக்கொண்டார்கள். காலி கண்ணாடிப் புட்டிகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தந்தி ஊழியர்கள் வேறு வழி இல்லாமல் கம்பங்களின் அடியில் புட்டிகளைப் போட்டு வைத்தார்கள் என்றொரு கதை உண்டு. கீழேயே கிடைத்தால் யாரும் மேலே ஏற மாட்டார்கள் அல்லவா?

செராமிக் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் அந்த வேலை தெரிந்த யாருக்கும் இந்தக் கதையில் பெரிய வியப்பு இருக்காது. சூளையிலிருந்து உடைந்து வந்த பியூஸ் கட்டையை வெறுங்கையால் பொறுக்கியவருக்கு அதன் ஓரம் எப்படிப்பட்டது என்று தெரியும். குயவர் வீட்டுப் பானை உடைந்தால் சில்லு மொண்ணையாகத்தான் இருக்கும். 1,200 டிகிரிக்கு மேல் வெந்த பீங்கான் உடைந்தால் கையைக் கிழிக்கும். அந்தச் சூட்டில் களிமண்ணோடு கலந்திருக்கும் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. கண்ணாடித்தன்மை வந்த எந்தப் பொருளும் சிப்பி ஓட்டின் வளைவு போல வழுவழுப்பாகப் பிளக்கும்; ஓரம் சவர அலகாகும். கற்கால மனிதன் தேடித் தேடி எடுத்த செர்ட், படிகக்கல், எரிமலைக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் இதுதான். செராமிக் தொழிற்பேட்டையின் குப்பைமேடு கற்கால வேட்டைக்காரனுக்குப் புதையலாகத் தெரிந்திருக்கும்.

முனை செதுக்குவது பாதி வேலை. அதை ஒரு குச்சியின் நுனியில் நிற்க வைப்பதுதான் மீதி. அருங்காட்சியகங்களில் முனைகளை மட்டும் வரிசையாக அடுக்கிவைத்திருப்பதால் இந்த மீதிப் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். மரம் மட்கிப்போகிறது, நார் மட்கிப்போகிறது, பசையும் பெரும்பாலும் மட்கிப்போகிறது. கல் மட்டும் நிற்கிறது. ஆனால் வேட்டைக்கு நடந்த பொறியியலில் கடினமான பகுதி கல்லில் இல்லை, பசையில் இருந்தது என்பது என் கட்சி.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பயன்படுத்திய பசை ஒரு புல்லிலிருந்து வந்தது. ஸ்பினிஃபெக்ஸ் என்று அங்கே அழைக்கப்படும் முட்புல்லை அடித்து, உதிர்ந்த தூளைப் புடைத்துச் சலித்து எடுத்தால் பிசின்பொடி கிடைக்கும். தணலில் காட்டினால் அது உருகிக் கருப்பு உருண்டையாகத் திரளும். இளஞ்சூட்டில் பிசைந்த மாவாக வளையும், ஆறினால் கல்லாகும். முனை உடைந்தால் மறுபடி சூடு காட்டிப் பழைய முனையைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே பிசினில் பதிக்கலாம். ஒரு உருண்டை பல முனைகளைப் பார்த்துவிடும். இன்று கைவினைக் கடைகளில் குளூ கன் என்று வாங்குகிறோமே, அதே தத்துவம்தான் இது.

இன்றைய வில்வித்தைக்காரர்கள் அம்பு முனையை ஒட்ட எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், பலர் வந்து சேர்ந்திருக்கும் இடமும் இதேதான்: சூடாக்கினால் உருகும் ஹாட் மெல்ட் குச்சி. கடையில் அதைவிடப் பல மடங்கு வலுவான பசைகள் கிடைக்கும்போது ஏன் இதை எடுக்கிறார்கள்? பதில் கொஞ்சம் கணக்கில் இருக்கிறது.

போட்டியில் எய்யும் ஓர் அம்பு சுமார் 20 கிராம் எடையும் நொடிக்கு 60 மீட்டர் வேகமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 36 ஜூல். இலக்கின் நுரைக்குள் 25 சென்டிமீட்டர் போய் நின்றால், நிற்கும் வேகக்குறைவு புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பசைக்கு அநேகமாக வேலையே இல்லை. முனை முதலில் தடைபடுகிறது; பின்னாலிருந்து தண்டு அதை முன்னோக்கி அழுத்துகிறது. முனையின் தோளில் தண்டின் விளிம்பு சரியாக உட்கார்ந்திருந்தால் விசை முழுவதும் உலோகத்திலிருந்து தண்டுக்கு நேராகப் போகும். பசையைச் சோதிப்பது அம்பு பாயும் கணம் அல்ல, அதைப் பிடுங்கும் கணம். அப்போதுதான் நுரை முனையைப் பிடித்துக்கொள்ள, கை தண்டை இழுக்க, நடுவில் பசை மாட்டிக்கொள்கிறது.

தண்டுக்குள் இறங்கும் முனையின் காம்பு 6 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் நீளமும் என்றால் பசை பிடிக்கும் பரப்பு சுமார் 470 சதுர மில்லிமீட்டர். சாதாரண ஹாட் மெல்ட் பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் அளவில் வழுக்கு விசையைத் தாங்கும். பெருக்கினால் 1,400 நியூட்டன். ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இரண்டு கையாலும் அம்பைப் பிடுங்குபவர் அதில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே பலசாலி. எபாக்சி போட்டால் இதைப் போல ஐந்து மடங்கு கிடைக்கும்தான். கிடைத்து என்ன செய்ய? அந்த நான்கு மடங்கு உபரி எந்தக் காலத்திலும் செலவாகப் போவதில்லை. முனை வளைந்துபோனால் கழற்ற முடியாமல் தண்டையே தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பசையை உண்மையில் தோற்கடிப்பது வேறு ஒன்று: அதிர்ச்சியும் வளைவும். வில்லிலிருந்து கிளம்பிய அம்பு நேர்க்கோட்டில் விறைப்பாகப் போவதில்லை. பக்கவாட்டில் நெளிந்து நெளிந்துதான் போகிறது. இலக்குத் தவறிக் கல்லிலோ மரத்திலோ பட்டால் முனை ஒரு பக்கம் உதைபடும். அப்போது பசையின் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்குவதில்லை, ஓரத்தில் ஒரு கோடுதான் தாங்குகிறது. அந்தக் கோட்டில் விரிசல் தொடங்கினால், விறைத்த பசையில் அது ஒரே ஓட்டமாக மறுமுனை வரை ஓடிவிடும். ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசைகளுக்குப் பொதுவாக இந்தக் குறை உண்டு. நேராக இழுத்தால் அசையாது. சுண்டித் தட்டினால் விட்டுவிடும். அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் 1942-இல் இந்த வேதிப்பொருளோடு முதலில் மல்லுக்கட்டியது துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடித்தான். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று சலித்து ஒதுக்கினார்கள். அதுவே அதன் அருமை என்று புரிந்து விற்பனைக்கு வந்தபோது 1958 ஆகியிருந்தது.

விரிசலை ஓடவிடாமல் தடுப்பது எப்படி? இதற்கான விடையை மனிதன் 70,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தான். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் சிபுடு என்றொரு குகை. அங்கே கிடைத்த கல் கருவிகளில், கைப்பிடிக்குள் செருகப்பட்டிருக்க வேண்டிய பக்கத்தில் மட்டும் தாவரப் பிசின் தடமும் செங்காவித் தூளும் ஒட்டியிருந்தன. காவி அலங்காரத்துக்கு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். தொல்லியலாளர் லின் வாட்லி அப்படி விட்டுவிடவில்லை. வேலமரப் பிசினை எடுத்து, காவி கலந்தும் கலக்காமலும் கருவிகளை ஒட்டிப் பார்த்தார். வெறும் பிசின் காயும்போது சுருங்கியது, ஈரக்காற்றில் இளகியது, அடித்தால் நொறுங்கியது. காவித் தூள் சேர்ந்த பிசின் நின்றது. 2009-இல் இந்த முடிவுகள் வெளியானபோது பேசப்பட்டது பசையைப் பற்றி மட்டுமல்ல. நெருப்பின் தூரம், பிசினின் ஈரம், தூளின் அளவு என்று ஒரே சமயத்தில் பலவற்றைக் கவனித்துச் சரிசெய்யும் மூளை அன்றே இருந்திருக்கிறது என்பதற்கு அந்தச் செந்தடம் சாட்சியானது.

தூள் என்ன செய்கிறது? கடலை போடாத வெல்லப்பாகை ஆறவைத்து உடைத்துப் பாருங்கள்: ஒரே கோட்டில் சடக்கென்று பிளக்கும். கடலை மிட்டாய் அப்படி உடையாது. விரிசல் ஒவ்வொரு பருப்பையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பிசினுக்குள் கிடக்கும் ஒவ்வொரு கனிமத் துகளும் அப்படி ஒரு தடை. பிசின் காயும்போது சுருங்குவதையும் துகள்கள் குறைக்கின்றன, ஏனென்றால் அவை சுருங்குவதில்லை. சிவப்பு நிறத்துக்கு இதில் பங்கு குறைவு. துகள் எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே பெரிது. இன்று கடையில் வாங்கும் எம்-சீல் போன்ற அடைப்புப் பசைகளின் உடம்பிலும் கணிசமான பங்கு கனிமத் தூள்தான்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் பாஹியன் குகை இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்பு முனைகள் 48,000 ஆண்டுகள் வரை பழமையானவை என்று மிஷெல் லாங்லியும் சக ஆய்வாளர்களும் 2020-இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. மழைக்காட்டின் உச்சிக்கிளையில் தாவும் குரங்கையும் அணிலையும் குறிவைத்த சின்னஞ்சிறு முனைகள் அவை. மோதி முறிந்த தடங்கள் பலவற்றில் தெரிகின்றன. கட்டிய கயிறோ ஒட்டிய பிசினோ அந்த ஈரக்காட்டில் எங்கே தங்கப்போகிறது?

நீரிணைக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் வட்டாரத்துத் தேரிக்காடுகளில் நுண்கற்கருவிகள் குவியலாகக் கிடைத்தன. ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் கவனித்த இடங்களை சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் விரிவாக ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார்கள். கட்டைவிரல் நகத்தளவு பிறைச் சில்லுகள் அவற்றில் பல. ஒரு பக்கம் கூர்மை. எதிர்ப் பக்கம் வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கிறது. கூர்மையை மழுக்க எந்த வேட்டைக்காரன் மெனக்கெடுவான்? கட்டும் நாரை அறுக்காமல் இருக்கவும், பசைக்கு அகலமான, சொரசொரப்பான பிடிமானம் கிடைக்கவும்தான். மழுங்கிய அந்த முதுகைப் பசையின் அச்சு என்றே படிக்கலாம். தேரி மணலின் சிவப்புக்குக் காரணமும் காவியின் சிவப்புக்குக் காரணமும் ஒன்றே, இரும்பு ஆக்சைடு. அங்கே பிசினில் கலக்கத் தூளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

ஊகம் தேவையில்லாத இடம் அந்தமான். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே அதிகாரியாக இருந்த இ. எச். மேன் தீவுவாசிகளின் பொருள்களை ஒன்றுவிடாமல் பதிவுசெய்தவர். தேன்மெழுகு, மரப்பிசின், செங்காவி மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கலவையை அவர் குறிப்பிடுகிறார். அம்பின் கட்டுகளுக்கு மேல் அதைப் பூசினார்கள். ஓட்டை அடைக்கவும் அதுவே. சிபுடுவின் செய்முறையோடு மெழுகு ஒன்றுதான் கூடுதல். மெழுகின் வேலை பிசினின் விறைப்பை இளக்குவது. கூடினால் கலவை வெயிலில் வழியும், குறைந்தால் நொறுங்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகத்துக்கு மெழுகு காய்ச்சும்போது தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலையெண்ணெயையும் பருவத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குவார்களே, கை அறிந்த அந்த அளவுதான் இங்கேயும்.

அந்தமானியரிடம் இன்னொரு நுட்பம் இருந்தது. காட்டுப்பன்றிக்கான அம்பில் இரும்பு முனையை அவர்கள் ஒட்டவே இல்லை. தண்டின் நுனியில் லேசாகச் செருகி, முனைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார்கள். பன்றியின் உடம்பில் பாய்ந்ததும் முனை கழன்றுகொள்ளும், பன்றி ஓடும், பின்னால் இழுபடும் தண்டு புதரில் சிக்கும், பன்றி நிற்கும். எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்கே ஒட்டக்கூடாது என்பதையும் கணக்கில் வைத்திருந்தார்கள். தீவுகளில் இரும்புத் தாது உருக்கும் வழக்கம் இல்லை. கரை ஒதுங்கிய கப்பல்களிலிருந்து தட்டி எடுத்த இரும்புதான் முனையாயிற்று என்பதால், ஒவ்வொரு முனையும் திரும்பக் கிடைத்தாக வேண்டிய சொத்து.

பெருநிலத்தில் இரும்பு வந்த பிறகும் பசை போய்விடவில்லை. இரும்பு முனை இரண்டு விதமாக வரும். குழல் வைத்த முனைக்குள் தண்டு போகும். காம்பு வைத்த முனை தண்டுக்குள் போகும். காம்பு வகைக்கு நிரப்பி ஒட்ட ஒன்று வேண்டும். இந்தியாவின் பல பகுதிகளில் அந்த ஒன்று அரக்கு. கத்திக் காம்பைச் சூடாக்கி, அரக்குத் தூள் நிரப்பிய பிடிக்குள் இறக்கி ஆறவிடுவார்கள். வட இந்தியத் தல்வார் வாள்களின் உலோகப் பிடி நிற்பதும் பெரும்பாலும் இப்படித்தான். 75, 80 டிகிரியில் உருகும் அரக்கு, மறுபடி சூடு காட்டினால் பிடியை விட்டுவிடும், அலகை மாற்றலாம். பொற்கொல்லர் நகையை அரக்கில் பதித்துச் சித்திரவேலை செய்துவிட்டுச் சூடு காட்டி எடுப்பதும் இதே குணத்தை நம்பித்தான். தகட்டுப் புடைப்பு வேலைக்கான பிசினில் செங்கல் தூள் கலப்பார்கள். சிபுடுவில் காவி, இங்கே செங்கல். இரண்டும் சிவப்பாக அமைந்தது தற்செயல்.

இப்போது விருத்தாசலத்தைச் சுற்றி ஒரு பார்வை. மணிமுத்தாற்றுக் கரையிலிருக்கும் இந்த ஊருக்கு ஒரு பக்கம் நெய்வேலி. அங்கே நிலக்கரிக்கு மேல் படிந்திருக்கும் வெண்களிமண்தான் இந்த ஊர் செராமிக் தொழிலுக்குக் கால்கோளிட்ட மண். இன்னொரு பக்கம் செம்மண் மேட்டில் பண்ருட்டி வரை முந்திரிக்காடு. வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் முந்திரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. பண்ருட்டி என்றால் பலாவும் கூடவே வரும். பசைக்கான பிசினும் பசைக்கான தூளும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் ஊர்கள் அதிகம் இருக்காது.

பலாவை அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாதவர் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாலின் உலர்பொருளில் பெரும்பகுதி பிசின். அதைச் சூடாக்கித் திரட்டிப் படகின் இடுக்கை அடைக்கவும், உடைந்த பீங்கான் பாத்திரத்தை ஒட்டவும் வெப்பநாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பண்ருட்டிப் பலாப்பால் விருத்தாசலத்துப் பீங்கானை ஒட்டும் என்பது அழகான பொருத்தம்தான். ஆனால் அப்படி ஒட்டிய கோப்பையில் காபி ஊற்றிக் குடிக்க நான் துணியமாட்டேன். சூட்டுக்கு இளகும் பசையின் நல்ல குணமே அங்கே எதிரியாகிவிடும்.

முந்திரி இன்னும் சுவாரசியமானது. மரத்தில் வடியும் பிசின் வேலம்பிசினைப் போல நீரில் கரையும் சாதாரணப் பசை. விஷயம் கொட்டையின் ஓட்டில் இருக்கிறது. முந்திரி உடைப்பவர்களின் விரல்களைக் கறுக்கச் செய்து தோலை அரிக்கும் அந்த எண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் என்ற பொருள் கிடைக்கும். அதன் மூலக்கூறு ஒரு ஃபீனால் வளையம். அதில் 15 கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட வால் ஒன்று தொங்கும். வளையம் விறைப்பைத் தரும், வால் நெகிழ்வைத் தரும். அதாவது பிசினும் மெழுகும் சேர்ந்து செய்த வேலையை ஒரே மூலக்கூறு செய்கிறது. எபாக்சியை இறுக வைக்கும் கடினமாக்கிகளில் கார்டனாலிலிருந்து செய்யப்படும் ஃபீனால்கமைன் என்றொரு வகை உண்டு. குளிரிலும் ஈரத்திலும் இறுகும் என்பதால் கப்பல்களுக்கு அடிக்கும் பூச்சுகளில் அதற்கு மதிப்பு. வாகனங்களின் பிரேக் கட்டைகளிலும் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த பிசின் இருக்கிறது. நினைத்துப் பார்த்தால், அதிர்ச்சியைத் தாங்கி விரிசல் விடாமல் நிற்க வேண்டும் என்ற அம்பு முனையின் தேவைதான் அங்கேயும்.

செராமிக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையின் இன்னொரு முகம் அன்றாடம். இரண்டு வேறு பொருள்கள் ஒட்டியிருந்தால், சூடு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பீங்கான் உடம்பைவிட மேலே உருக்கிய கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால், ஆறும்போது கிளேஸ் இழுபட்டு மயிரிழை வெடிப்புகள் விடும். உயரழுத்த மின்கோபுரத்தில் தொங்கும் தட்டுகளில் பீங்கானை இரும்புத் தொப்பியோடு பிடித்துவைப்பது சிமெண்ட். இரும்பு பீங்கானைப் போல் சுமார் இரு மடங்கு விரியும் என்பதால், நடுவில் மெல்லிய தார்ப்பூச்சு ஒன்று கொடுத்து விரிவுக்கு இடம் விடுகிறார்கள். அந்தப் பூச்சு ஒட்டுவதற்காக இல்லை, வழுக்கிக்கொடுப்பதற்காக. கார்பன் அம்புத் தண்டில் அலுமினிய முனையை ஒட்டுபவருக்கும் இதே தலைவலி. கார்பன் இழை நீளவாக்கில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை. அலுமினியம், சூடு 40 டிகிரி ஏறினால், 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு விரியும். பசைப் படலத்தின் தடிமனோடு ஒப்பிட்டால் இது சின்ன எண் இல்லை. நெகிழும் பசை இதைச் சகித்துக்கொள்ளும். விறைத்த பசைக்குள் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

நம் நாட்டில் வேட்டை அம்புக்கு இன்று அநேகமாக இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஆனால் வில்வித்தை விளையாட்டாக வளர்ந்துவருகிறது. பயிற்சி செய்பவருக்கு முனை கழல்வது அன்றாடத் தொல்லை. நுரை இலக்கில் ஆழப் பாய்ந்த அம்பைப் பிடுங்கினால் உராய்வுச் சூட்டில் பசை இளகி, தண்டு மட்டும் கையோடு வரும். முனை நுரைக்குள் தங்கிவிடும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவு. மரத் தண்டுக்கும் அலுமினியத் தண்டுக்கும் ஹாட் மெல்ட் போதும். கார்பனுக்கும் அதுவே போதும், ஆனால் குறைந்த சூட்டில் உருகும் வகை வேண்டும். தண்டின் இழைகளைப் பிணைத்திருப்பதே ஒரு எபாக்சிப் பிசின். அதைச் சுட்டால் அம்பின் எலும்பே இளகும். எனவே நெருப்பை முனைக்கு மட்டும் காட்டுங்கள், தண்டுக்குக் காட்டாதீர்கள். கழற்ற வேண்டுமானால் கொதிநீரில் முனையை அமிழ்த்திக் குறட்டால் இழுப்பது உத்தமம். நீர் 100 டிகிரியைத் தாண்டாது.

ஒட்டும் முன் துடைப்பதில் சோம்பல் கூடாது. கடைசல் இயந்திரத்தின் எண்ணெய் முனையில் இருக்கும், கார்பன் தூசி தண்டுக்குள் இருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது. படர்ந்தால் பசையும் படரும். பசை பிடிக்காததற்குப் பசையைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் இந்தத் துடைப்பைத் தவறவிட்டவர்கள் என்பேன்.

எபாக்சிதான் வேண்டும் என்பவரோடு சண்டை இல்லை. மறையுள்ள இன்சர்ட்டைத் தண்டுக்குள் எபாக்சி போட்டு நிரந்தரமாகப் பொருத்தி, முனையை அதில் திருகிக்கொள்ளலாம். ஒட்டும் வேலை பசைக்கும் கழலும் வேலை திருகுக்கும் என்று பிரிந்துவிடும். அவசரத்துக்கு ஐந்து நிமிட எபாக்சி போடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அறைச் சூட்டில் இறுகும் எபாக்சிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை மாதம் விருத்தாசலம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும். ஹாட் மெல்ட்டுக்கும் அங்கே அதே கதிதான். அம்புக்கூட்டைக் காரில் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பது எந்தப் பசையைவிடவும் மலிவு.

விருத்தாசலத்தில் செராமிக் பயிலகம் இருக்கிறது. களிமண்ணை நைசாக அரைத்துச் சல்லடைக் கண்ணளவு வாரியாகச் சலித்துப் பிரிப்பது அங்கே பாலபாடம். அரக்கு, முந்திரி மரப்பிசின், பலாப்பால் மூன்றிலும் ஒரே வெண்களிமண் தூளை வெவ்வேறு நைசில், வெவ்வேறு அளவில் கலந்து, மூங்கில் தண்டில் பீங்கான் சில்லை ஒட்டி, இழுத்தும் பார்க்கலாம், உயரத்திலிருந்து போட்டும் பார்க்கலாம். பெரிய செலவு கிடையாது. ஒரு மாணவரின் ஓராண்டு வேலை. இழுவையில் எது ஜெயிக்கும், அடியில் எது ஜெயிக்கும், இரண்டிலும் ஒன்றே ஜெயிக்குமா? என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் நாலில் ஒரு பங்கு களிமண்ணும் ஒரு துளி தேன்மெழுகும் சேர்த்த அரக்கின்மேல் கட்டுவேன். பலாப்பாலின்மேல் கட்டுபவர் இருந்தால் சொல்லுங்கள்.